ஊருக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாதவன்

கண்ணா,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் நாலு வரி படித்ததுமே போனை அணைத்து வைத்திருப்பாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் ஊரார் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மசியில் சுழித்த கை இது. தன் தப்பை எழுத உட்கார்ந்தால் நகர மாட்டேன் என்கிறது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேகர் உன்னை விட்டுப் போகவில்லை. நான்தான் அவனைப் போகச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, கொஞ்ச நாள் கூட இருக்கணும் என்று உன்னிடம் சொன்னானே, அந்தக் காரணத்தையும் நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவன் அம்மா தேசம்மாளின் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. கானத்தூர் குப்பத்திலிருந்து மேடவாக்கம் கூட்டுரோட்டுக்கு மீன் கூடையோடு தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர் அவர். படித்ததும் எழுந்து போய்விடாதே. மீதியையும் படி.

வரதப்பன் சாரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நீ ஒருவன் மட்டும் படிக்கப்போவதில்லை, அதனால் எல்லாவற்றையும் விவரமாகவே எழுதுகிறேன். செம்பாக்கத்து ஏரித் தண்ணீரில் பயிர் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, இன்று அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம் அவருடையது. அதன் பின்பக்க ஹாலை உங்கள் அறக்கட்டளைக்குச் சும்மாவே விட்டிருக்கிறார். சனிக்கிழமை டாக்டர்கள் வந்து பார்ப்பதும், பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளை வேனில் அழைத்து வந்து நீங்கள் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான். கவுன்சிலர் தேர்தல் வருகிறது, தம்பி சுயேச்சையாக நிற்கட்டும் என்று முதலில் சொன்னதும் அவர்தான். அப்படிச் சொன்ன மறுவாரம் ஒரு நாள் காலையில் நம் வீட்டுக்கு வந்தார். காபியை வாங்கிக்கொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “தம்பிக்கு முப்பத்தேழு வயசாவுது. ஏன் கல்யாணம் ஆகலைன்னு ஜனங்க கேட்டா நான் என்னம்மா சொல்றது?”

என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கு எனக்குப் பத்துப் பதில் தெரியும். அன்றைக்கு ஒன்றுதான் வாயில் வந்தது. “ஊருக்காகவே வாழணும், கல்யாணம் வேண்டாம்னுட்டான் சார்.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஜனங்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் யாருக்காகச் சுருட்டப்போகிறான் என்று நம்பி ஓட்டுப் போடுகிறவர்கள். இது ஒன்று போதும்மா என்று எழுந்து போனார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வருஷா வருஷம் ஏறி இறங்கிய தெருக்கள்தானே, கதவு எண்ணைச் சொன்னால் உள்ளே யார் யார் என்று சொல்லிவிடுவேன். அந்தத் தெருக்களில் நானே போய் நாலு வீட்டில் சொன்னேன், பிறகு நாற்பது வீட்டில் சொன்னேன். ‘பெத்தா இப்படிப் புள்ளைய பெக்கணும் டீச்சர்’ என்றார்கள். உன்னைப் பற்றிய பேச்சு வந்தாலே பேச்சை மாற்றிக்கொண்டிருந்தவளுக்கு, முதல் தடவையாக உன்னைப் பற்றித் தலை நிமிர்ந்து பேச ஒரு வழி கிடைத்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், மிகவும் பிடித்திருந்தது.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. கல்யாணமே வேண்டாம் என்றவன் வீட்டில் இன்னொருத்தன் எதற்கு என்று ஒருவர் கேட்டால் போதுமே. நீயும் சேகரும் குடியிருக்கிற ஃப்ளாட்டின் கதவு எண்ணுக்குக் கீழே பட்டியலில் இரண்டு ஆண் பெயர், இரண்டு வெவ்வேறு அப்பாக்களின் பெயர். எதிர்த்து நிற்பவர்கள் கையிலும் அதே பட்டியல்தான் இருக்கும். நீ இதைக் கேட்டால் சிரிப்பாய். ஒரு தடவை வாக்குச்சாவடியில் நான் பணியில் இருந்தபோது ஒரு பெண் சுயேச்சையாக நின்றாள். நல்ல பெண், தெருக் குழாய்க்காக நடையாய் நடந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று காலையில் ஒரு ஏஜென்ட் இன்னொரு ஏஜென்டிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். மத்தியானத்துக்குள் அது வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் போய்விட்டது. போகப் போக அதில் கை கால் முளைத்தது. அவள் சாவடிக்கு வந்தபோது வரிசை முழுவதும் அவளைப் பார்த்த பார்வையை நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். இப்போது அவள் இருந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்த்தேன்.

அதனால் சேகருக்குப் போன் செய்தேன். ஃப்ரிட்ஜில் கூலிங் இல்லை, வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன். மேடவாக்கத்தில் தன் ரிப்பேர் கடையை அப்படியே விட்டுவிட்டு டூல்ஸ் பையோடு அரை மணியில் வந்தான். ஃப்ரிட்ஜை இழுத்துத் திருப்பி, பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாத்தானேம்மா இருக்கு என்றான். அப்போதுதான் சொன்னேன். தேர்தல் முடிகிற வரைக்கும் கானத்தூரில் இருந்துகொள், ஊர்வாய் பொல்லாதது, உனக்குத் தெரியாததா என்றேன். கழற்றிய ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் திரும்பப் பொருத்தினான். ஃப்ரிட்ஜைத் தள்ளிச் சுவரோரம் நிறுத்தினான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அவன்கிட்ட என்னம்மா சொல்லட்டும்?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. முழங்கால் வலியை நான் முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். என் மேல் எனக்கு ஆத்திரம் வருவது அதற்காகத்தான். வரதப்பன் சாரிடம் சொன்னது வாய் தவறி வந்தது என்று ஒரு சாக்காவது சொல்லலாம். இதற்கு ஒரு சாக்கும் கிடையாது.

நான் இப்படிச் செய்வது இது முதல் தடவையும் இல்லை. நீ உன்னைப் பற்றி எங்களிடம் சொன்னபோது உனக்கு இருபத்தாறு வயது. நான் கத்தவில்லை, அழவில்லை. நல்ல அம்மா என்று அப்போது நீ என்னை நினைத்திருப்பாய். ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உன் ஜாதகத்தைத் தரகரிடமிருந்து நான் திரும்ப வாங்கவில்லை. வாங்கினால் ஏன் என்று கேட்பாரே என்ற பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஏரிக்கரையில் குப்பை அள்ளிவிட்டுச் சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்தபோது, பல்லாவரத்திலிருந்து பெண் வீட்டார் பூவும் பழமுமாக ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நீ அவர்களை அவமானப்படுத்தவில்லை. குளித்துவிட்டு வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னாய். அந்தப் பெண்ணிடம் மாடியில் தனியாகப் பேசினாய், உண்மையைச் சொன்னாய். அவள் கீழே வந்து, எனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று தன் அப்பாவிடம் சொல்லி உன் மானத்தைக் காப்பாற்றினாள். இன்று உன் அறக்கட்டளையின் முதுகெலும்பே அந்த ஷைலஜாதான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், மாமியாராக வேண்டியவங்க, தப்பிச்சீங்க என்று கிண்டல் செய்வாள். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் உன்னிடமோ அவளிடமோ அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை.

அப்பா விஷயத்திலும் அப்படித்தான். அவர் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும், முகம் மழித்து விட்டதும் சேகர்தான். உனக்கு மழிக்க வராது, அவரைக் கீறிவிடுவாய். சேகரின் கைக்கு மட்டும்தான் அவர் முகத்தைக் காட்டுவார். வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் படகு கொண்டுவந்த குப்பத்து ஆட்களோடு வந்தவன் என்று அவனை நீ முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, வெளியே இருந்தே பேசி அனுப்பு என்று சொன்ன மனுஷன் அவர். கடைசியில் அவனைத்தான் தேடினார். அவர் போன அன்று உன் பெரியப்பா, யார் அந்தப் பையன், எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்கிறானே என்று கேட்டார். பையனோட ஃப்ரெண்ட் என்றேன். சேகர் காதில் விழுகிற தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடப் போய்விட்டான்.

நோட்டீஸ் வந்த கதை உனக்கே தெரியும். நான் வரதப்பன் சாரிடம் சொன்ன வார்த்தையை அவர் தன் செலவில், உன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார். ‘ஊருக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாத உத்தமர்.’ நீ அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, சமையலறையில் நின்றபடி என்னிடம் கேட்டாய்: “மனு கொடுக்கிறப்போ துணைவர் பேர்ங்கற இடத்துல ‘இல்லை’ன்னுதான் நான் எழுதியாகணும். அது சட்டம், என்ன பண்றது. நோட்டீஸ்லயும் இல்லைன்னு போடச் சொல்லி எந்தச் சட்டம்மா சொல்லுது?” யாராவது கேட்டால் மறைக்க மாட்டேன், கேட்காதவரிடம் போய்ச் சொல்லவும் மாட்டேன், ஆனால் பொய் சொல்லி ஓட்டு வாங்க மாட்டேன் என்றாய். அன்றைக்குப் போனவன்தான், நீ இந்த வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. சேகர் போய் ஏழாவது வாரம். நீ மனு போடப்போவதில்லை என்று ஷைலஜா சொன்னாள். ‘கூட இருந்தவனே நிக்கலை, வார்டு நிக்குமா’ என்று அவளிடம் கேட்டாயாமே. அதைக் கேட்டபோதே உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். உன் கோபத்தை நினைத்துப் பயந்து நாலு நாள் சும்மா இருந்தேன்.

ஐந்தாவது நாள் தேசம்மாள் வந்தார். வியாபாரம் முடித்துவிட்டு, வெறும் கூடையோடு, விசாரித்து விசாரித்து அஸ்தினாபுரத்தில் வீட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். ஒன்பது வருஷத்தில் அவர் இந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை, நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. சேகரின் சட்டைப் பையிலிருந்த நோட்டீஸைப் பக்கத்து வீட்டுப் பெண் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டார், குடிக்கவில்லை.

“கண்ணாலமே கட்டிக்காதவருன்னு போட்டுக்கீதே டீச்சர், அப்போ எம்புள்ள இன்னா? ஒம்போது வருசமா உன் புள்ள வூட்ல வாடகைக்கா குந்திகினு இருந்தான்?”

நான் ஏதோ தேர்தல், ஊர்ப்பேச்சு என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டார். அவருக்கும் அவர்கள் குப்பத்தில் என்னென்ன பேச்சு வந்தது, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சேகரின் சித்தப்பா இரண்டு வருஷம் படியேறாமல் இருந்தது என எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னார். “எனக்கும் மொதல்ல புடிக்கலதான். ஒரு வருசம் அவன்கூட பேசல. ஆனா யாரு வந்து கேட்டாலும், இல்லன்னு மட்டும் நான் சொன்னதில்ல டீச்சர்.” கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன். படித்தவள், தலைமை ஆசிரியை, தேர்தல் பணிக்குப் போனவள் என்று நான் வைத்திருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் நிற்கவில்லை.

மறுநாளே கானத்தூர் போனேன். சேகர் வலை பின்னுகிற கூடத்தில் யாருக்கோ ஐஸ்பெட்டி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். மெலிந்திருக்கிறான் கண்ணா. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கிளம்பு, இப்போதே என்னோடு வா, நானே உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவன் கையை உதறவில்லை. ஆனால் வரவும் இல்லை. “நீங்க போகச் சொன்னீங்க, போயிட்டேன். இப்ப நீங்க வரச் சொல்லி வந்தா, நாளைக்கு மறுபடி போகச் சொல்ல மாட்டீங்களான்னு நான் பயந்துக்கிட்டே இருக்கணும்மா. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சு, அவன் கூப்பிடட்டும்.” தன் வாயால் உன்னிடம் என்னைப் பற்றிச் சொல்லவும் மாட்டானாம். அம்மாவையும் பிள்ளையையும் பிரித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்கிறான். அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. நான் எழுதாவிட்டால் அவன் உன்னை விட்டுப் போனவன் என்று நீ நினைத்துக்கொண்டே இருப்பாய், அவன் உன் போனுக்காகக் காத்துக்கொண்டே இருப்பான்.

நேற்று வரதப்பன் சாரையும் பார்த்தேன். நான் உங்களிடம் சொன்னது பொய் சார், அந்த நோட்டீஸை இனிமேல் கொடுக்க வேண்டாம் என்றேன். அப்போ நிஜம் என்னம்மா என்றார். அதை அவன் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் சொல்லுவான் என்றேன். அவர் ஆளைக் கூப்பிட்டு மிச்சமிருந்த கட்டுகளை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். காபி கொடுக்கச் சொன்னார். காபி வருவதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டார். ஹாலைத் திருப்பிக் கேட்பாரோ, அந்தப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கிப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்குமோ என்று அதிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். அதுவும் என்னால் வந்ததாகத்தான் இருக்கும். நான் சொல்லித் திரிந்த வீடுகளுக்கும் திரும்பப் போகத் தொடங்கியிருக்கிறேன். நான் அன்றைக்குச் சொன்னது சரியில்லை, அதை நம்பி ஓட்டுப் போடாதீர்கள், அவன் செய்த வேலையைப் பார்த்துப் போடுங்கள் என்கிறேன். சில பேர் தலையாட்டுகிறார்கள். ஒருத்தி கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் நான் சொன்னதைக் கேட்டாள்.

நீ நிற்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நின்றால் மைக் கட்டிய ஆட்டோவில் உன்னைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்று எனக்கு இப்போதே காதில் கேட்கிறது. பதிலுக்குப் பதில் பேசாதே. சாயங்காலக் கூட்டங்களுக்குத் தனியாகப் போகாதே, ஷைலஜாவையோ வேறு நண்பர்களையோ கூட வைத்துக்கொள். தண்ணீர் லாரி தினமும் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே, அது உன் கையில் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. இதெல்லாம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதினால்தான் எனக்கு மூச்சு வருகிறது. ஒன்று மட்டும் உனக்குத் தெரியாதது. நல்லதற்காகச் சொல்கிறேன் என்று யாராவது உங்கள் இரண்டு பேரில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், அது நானாகவே இருந்தாலும், அன்றைக்கே வீட்டுக்கு வந்து மற்றவனிடம் சொல்லிவிடுங்கள். சேகரிடம் இதை நீ கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் பொறுத்துக்கொண்டே போகிறவன். அந்தக் குணத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

இதில் இன்னும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று ஷைலஜாவுக்கு. இன்னொன்றைக் கூட்டுரோட்டுக்கு எடுத்துப் போய், மீன் வாங்க நிற்கிற பெண்கள் யார் இருந்தாலும் சரி, தேசம்மாளுக்கு நானே உரக்கப் படித்துக் காட்டப்போகிறேன். நீ வேண்டாம் என்றால் இரண்டையும் கிழித்துவிடுகிறேன். உன் வாழ்க்கையைப் பற்றி உன்னைக் கேட்காமல் ஊரில் பேசியது போதும்.

வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட நீ என்னைக் கூப்பிட வேண்டியதில்லை, ஷைலஜாவிடம் சொல்லி அனுப்பு. கோபம் தீர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், நான் கேட்க மாட்டேன். ஆனால் இந்தக் காகிதத்தைக் கீழே வைத்ததும் அவனுக்குப் போன் பண்ணு. மூன்று நாளாகப் போனைச் சார்ஜரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

அம்மா